என்ன காய்ச்சல் என்று கேட்காத அறை

சித்தி குடும்பத்தின் மூன்றாவது பெண். உயரமானவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர். பள்ளிப் படிப்பை முடித்தார், மேலே படிக்கவில்லை. சித்தப்பா தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை செய்தார். இவர்களுக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். பாப்பா நடை பழகிய ஆண்டில் சித்தி ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுத்துக் கொடுக்கும் இடம் அது. சித்தியின் வலது புருவத்தின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி உண்டு. அது எப்படி ஏற்பட்டது என்பதில் குடும்பத்துக்குள் இரண்டு கூற்றுகள் உள்ளன. இரண்டும் உரிய இடத்தில் வரும்.

கூடத்தின் முன்பக்கம் துவைக்கும் பொறிகள். நடுவே உலர்த்தும் பொறிகள். அடுத்தது, கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்து மறுபுறம் மொடமொடவென்று வாங்கும் பெரிய இஸ்திரி. அதற்கும் பின்னால், ஒரு கதவு தள்ளி, துணியறை. சித்தியின் இடம் அதுதான். அறையின் நடுவில் கண்ணாடிப் பலகை போட்ட மேசை. கண்ணாடிக்கு அடியில் குழல்விளக்கு. ஒவ்வொரு விரிப்பையும் அந்த வெளிச்சத்தின்மேல் இழுத்துப் போட்டு, கறையோ கிழிசலோ இருக்கிறதா என்று பார்த்து மடித்து அடுக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் அலமாரி. கறை தெரிந்தால் நீலக் கூடை. அது மறுபடி துவைக்கப் போகும். கறையா, நூலின் நிழலா, கண்ணின் மயக்கமா என்று தெரியாதவைதான் தொல்லை. அவற்றுக்குச் சித்தி ஒரே முறை வைத்திருந்தார்: சந்தேகம் என்றால் நீலக் கூடை. சோப்பு வீணாகிறது, மின்சாரம் வீணாகிறது என்று முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சந்தேகமான விரிப்பு ஒன்றுகூடச் சித்தியின் கையால் அலமாரி ஏறியதில்லை.

கூடத்தில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். காய்ச்சலோடு வரும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். கூடத்திலோ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. சித்திக்கு முன்பு அதே மேசையில் இருந்த பெண், பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அடுத்தடுத்து வராமல் இருந்தாள். "உனக்கு வீட்டுல நிறைய வேலை இருக்கும்மா. அதையே நல்லாப் பாரு" என்று முதலாளி சிரித்த முகத்தோடு கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு யாரும் விடுப்புக் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வந்த பிள்ளைகளைப் படுக்க வைக்கத் துணியறையை விட்டால் வேறு இடமில்லை. அங்கே சூடான பொறி கிடையாது. அடுக்கிய விரிப்புகளின் கதகதப்பு உண்டு. அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, இரண்டு விரிப்பை நாலாக மடித்துப் போட்டால் பிள்ளை சுருண்டு தூங்கிவிடும். "மூட்டை வருது!" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வரும். அழும் பிள்ளை என்றால் "ஈர மூட்டை." மேற்பார்வையாளருக்கு எல்லாம் தெரியும், தெரியாதது போல் இருப்பார். துணியறைக் கதவைத் தொடுவதற்கு முன்னால் நெஞ்சு கிழிய இருமுவார். உள்ளே இருப்பவர்கள் தட்டின் முன்னால் ஒரு விரிப்பைத் தொங்கவிட அது போதும். அவருக்கு அங்கே 'இருமல்' என்றே பெயர்.

இந்த ஏற்பாட்டில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. பிள்ளைக்கு என்ன காய்ச்சல், எத்தனை நாளாக என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் 'இங்கே வேண்டாம்' என்று சொன்னதற்குச் சமம். வாங்கிப் படுக்க வைப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையால் முதலில் பயன் பெற்றவர்களில் சித்தியும் ஒருவர். பாப்பாவுக்கு நான்கு வயது முடிந்த சமயம், முகமும் காலும் பொதபொதவென்று வீங்கி, அவள் அதே கீழ்த்தட்டில் கிடந்தாள். பெரிய இஸ்திரியில் வேலை செய்த பெண், இஸ்திரி அக்கா என்று எல்லோரும் அழைப்பவர், தண்ணீர் குடிக்க வந்தவர் பாப்பாவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாடி" என்று சித்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்று அரைநாள் சம்பளம் அவருக்கும் போயிற்று.

பாப்பாவுக்குச் சிறுநீரக நோய் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது. ஆனால் டாக்டரம்மா சித்தியைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்:

"இந்த மாத்திரைதான் அவளைக் காப்பாத்துது. ஆனா உடம்புக்குக் காவல் இருக்கறவங்களை எல்லாம் தூங்க வெச்சிடும். சளி, காய்ச்சல்னா தூக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம். சின்னம்மை மட்டும் இந்தப் பிள்ளைக்கு வரவே கூடாது. மத்தவங்களுக்கு ஒரு வாரம் அரிச்சிட்டுப் போற நோய். இவளுக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கிடும். புரியுதா?"

சித்திக்குப் புரிந்தது. புரிந்த நாளிலிருந்து அவர் நிம்மதியாக மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. கூடத்தில் மட்டும், "பாப்பாவுக்கு நல்லாயிடுச்சு" என்று சொல்லிவிட்டார். நோய்க்காரப் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால் முதலாளி சிரித்த முகத்தோடு கூப்பிடுவார். வேலை போனால் மாத்திரையும் போகும். "மூட்டை வருது" என்ற குரல் கேட்டதும் எழுந்து போவார். வாங்கிப் படுக்க வைப்பார். பிள்ளை தூங்கியதும் அதன் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். மாலையில் வீட்டு மாடிப்படியிலேயே மேலுடையை மாற்றிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்ட பிறகே பாப்பாவைத் தொடுவார். "சுத்தக்காரி வந்துட்டாடி" என்று சித்தப்பா கேலி செய்வார். சித்தி சிரிப்பதில்லை.

இஸ்திரி அக்காவுக்கு ஒரு மகன். பார்த்தவர்கள் கன்னத்தைக் கிள்ளாமல் போகாத பிள்ளை. உருண்டை என்பது அவன் பட்டப்பெயர். அவன் ஒரு நாள் காய்ச்சலோடு வந்தான். மறுநாளும் வந்தான். முதல் நாள் முழுவதும் சித்தியின் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டு முறை அவர் முகத்துக்கு நேரே தும்மினான். இரண்டாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. கீழ்த்தட்டிலிருந்து ஊர்ந்து வந்து, மேசையின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான்.

"அத்தை, பாரேன். என் கைக்குள்ள லைட்டு எரியுது."

விரல்கள் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தன. அவன் குதூகலம் தாங்காமல் முழங்கை வரை கண்ணாடியில் சாய்த்தான். கையின் உட்புறத்தில், சிவந்த தோலின்மேல், ஒரு நீர்த்துளி. துடைத்தால் போய்விடும் என்பது போல் அவ்வளவு தெளிவாக இருந்தது. சித்தி துடைத்தார். போகவில்லை. பக்கத்தில் இன்னொன்று. சட்டையைத் தூக்கினார். வயிற்றில் ஏழெட்டு.

சித்தி பேயறைந்தாற்போல் நின்றார். பையன், "அத்தை, லைட்டை அணைச்சிட்டியா?" என்றான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சித்தியின் நிழல் கண்ணாடியை மறைத்திருந்தது.

உருளைகளின் இரைச்சலுக்கு நடுவே இஸ்திரி அக்காவிடம் போய், "பையனுக்கு அம்மை போட்டிருக்கு" என்றார்.

"அடப் போடி! வேர்க்குரு."

"வேர்க்குரு இல்ல அக்கா."

அக்கா வந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "சரி விடு, எல்லாருக்கும் ஒரு தரம் வர்றதுதானே. எனக்குக்கூடக் கல்யாணத்துக்கு முந்தி வந்துச்சு, மூஞ்சி பணியாரக் கல்லு மாதிரி ஆயிப்போச்சு. இவனை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்துடறேன். நீ ஏண்டி இப்படி வெளிறிப் போயிட்டே? உனக்கு வந்ததில்லையா?"

வந்ததா, வரவில்லையா என்று அவருக்கே தெரியாது.

மாலையில் டாக்டரம்மாவும் அதையே கேட்டார். "உங்களுக்குச் சின்ன வயசுல வந்திருந்தா பயமே இல்ல. மறுபடி வராது, நீங்க கொண்டுட்டும் போக மாட்டீங்க. வரலைன்னா, இப்ப உங்களுக்கு ஒட்டியிருக்கலாம். முதல் ஒரு வாரம் நீங்க யாருக்கும் கொடுக்க மாட்டீங்க. அதுக்கப்புறம் மூணாவது வாரம் முடியற வரைக்கும் பிள்ளை பக்கமே போகக் கூடாது. கொப்புளம் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும். அதுதான் இதுல ஆபத்து. வந்துச்சா வரலையான்னு வீட்டுல கேட்டுச் சொல்லுங்க."

சித்தியின் தாயார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு அக்காள்மார். தெருமுனைக் கடையிலிருந்து சித்தி முதலில் பெரியக்காவுக்குப் போன் செய்தார்.

"வந்துச்சுடி! நல்லா வந்துச்சு. புருவத்துல இருக்கே குழி, அது எதுன்னு நெனைச்சே? சொறியாதே சொறியாதேன்னு உன் கையில துணியைக் கட்டி வெச்சது நான்தான்."

சித்திக்கு உயிர் திரும்பியது. ஆனாலும் நடு அக்காவுக்குப் போன் செய்தார்.

"அவளுக்கு என்ன தெரியும்? புருவம் நீ கதவு நாதாங்கியில மோதிக்கிட்டது. ரத்தம் கொட்டுச்சு, நான்தான் துடைச்சேன். அம்மை வந்தது எனக்கு. கையில துணி கட்டுனதும் எனக்குத்தான். அவ நம்ம ரெண்டு பேரையும் எப்பவும் மாத்தித்தான் கூப்பிடுவா."

"நிச்சயமாத் தெரியுமா அக்கா?"

"நிச்சயமான்னு கேட்டா... உனக்கு அப்ப மூணு வயசுடி. எனக்கு வந்து, உனக்கும் வந்திருக்கலாம். எனக்கு அந்த நேரத்துல என் சொறிதான் பெருசு."

இரவெல்லாம் சித்தி புருவத்தைத் தடவிக்கொண்டு கிடந்தார். அந்த ஒரு வாரம் அவர் பாப்பாவுக்குச் சோறு ஊட்டினார், தலை வாரினார், மாத்திரை கொடுத்தார். ஒவ்வொன்றையும் கடைசி முறை போலச் செய்தார். பாப்பா இருமினால் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சித்தப்பா பெரியக்காவின் கட்சி. "மூத்தவங்களுக்குத்தானே நல்லா ஞாபகம் இருக்கும்? நீயா எதையாவது இழுத்துப் போட்டுக்காதே" என்றார்.

வாரம் முடிகிற நாளில் சித்தி ஒரு பையில் நான்கு துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எங்கே தங்குவது என்று தெரியவில்லை. முதலில் போய் நின்றது 'இருமல்' முன்னால். பாப்பாவின் நோய் முதல் புருவத்துக் குழி வரை எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்ற இடத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

மேற்பார்வையாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதலாளிகிட்ட பேசற அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாதும்மா. நான் இருமுவேன். என்னால ஆனது அவ்வளவுதான்." பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். "மாடியில சோப்பு மூட்டை போடற ரூம் இருக்கு. ஜன்னல் பெருசு, வெளிச்சம் வரும். துணியை மேல கொண்டு வரச் சொல்றேன். ராத்திரியும் அங்கயே தங்கிக்கங்க, கீழ நீங்க வர வேண்டாம். அம்மை வந்து போனவங்க மட்டும் படியேறட்டும். முதலாளி கேட்டா, எலி கடிச்ச விரிப்பைப் பிரிக்கறீங்கன்னு சொல்லிக்கறேன்."

படியேறி வந்தவர் இஸ்திரி அக்கா. தோளில் சுமந்து வந்த விரிப்புகளைத் தரையில் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏண்டி, இத்தனை வருஷமா என் பக்கத்துல நின்னு வேலை செய்யறே. பாப்பாவுக்கு இன்னும் மருந்து ஓடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்களும் சொல்லலையே அக்கா, பையனுக்கு என்னன்னு."

"நீ கேக்கலையே!"

"நாம யாரும்தான் கேக்கறதில்லையே."

அக்கா அப்படியே ஒரு சோப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அவளைத் தூக்கிட்டு ஓடுனதே நான்தானேடி" என்றார். "நானே கொண்டாந்து வெச்சுட்டேனே." எங்கே தங்குவது என்று தெரியாமல் பையோடு வந்திருந்த சித்திதான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க வீட்டுல வந்து இரேன். அங்கதான் ஏற்கெனவே அம்மை இருக்கே, புதுசா என்ன வந்துடப் போவுது?" என்றார்.

"அங்க வந்தா கணக்கு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும் அக்கா."

"அதுவும் சரிதான். எனக்கு எங்க மூளை!" இருவரும் சிரித்தார்கள். அந்த மூன்று வாரங்களில் சித்தி சிரித்தது அந்த ஒரு முறைதான்.

சோப்பு அறையில் எந்நேரமும் தும்மல். ஒவ்வொரு தும்மலும் சலவைப்பொடியாலா, நோயாலா என்ற திகில். காலையில் எழுந்ததும் கைக்கண்ணாடியில் முகம், கழுத்து, நாக்கு என்று பார்ப்பார். ஒன்றும் இருக்காது. மாலையில் சித்தப்பா பாப்பாவைத் தெருவின் எதிர்ப்பக்கம் கொண்டு வந்து நிறுத்துவார். பாப்பா கையை ஆட்டுவாள். பிறகு ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "அம்மா ஏன் இறங்க மாட்டேங்கறா?" என்று தகப்பனிடம் கேட்பது உதட்டசைவில் தெரியும்.

மூன்றாம் வாரம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. முகத்தில் ஒரு புள்ளி இல்லை. அன்று மாலை சித்தப்பா தனியாக வந்து, கீழே நின்று கத்தினார்.

"பாப்பா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. மாத்திரையைத் துப்பறா. அம்மா கொடுத்தாத்தான் முழுங்குவேங்கறா. உனக்குத்தான் ஒண்ணும் வரலையே! பெரியக்கா அன்னிக்கே சொன்னாங்க. இன்னும் ஒரு நாளோ ரெண்டு நாளோ, அதுல என்ன வந்துடப் போவுது? இறங்கி வா."

சித்தி இறங்கினார். பையை எடுத்துக்கொண்டு சித்தப்பாவுக்குப் பத்தடி பின்னால் நடந்தார். வீட்டு மாடிப்படியில் ஏறினார். கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கின் வழியே விளக்கொளி படியில் விழுந்தது. உள்ளேயிருந்து பாப்பா, "அப்பா, அம்மா வந்தாச்சா?" என்று கேட்டாள். கதவைத் தள்ளுவதற்குச் சித்தி இடக்கையை நீட்டினார். கை அந்த வெளிச்சத்தில் விழுந்தது.

கையில் ஒன்றும் இல்லை. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியக்கா சொன்னது ஒரு பக்கம், நடு அக்கா சொன்னது ஒரு பக்கம். வெள்ளையா, கறையா? தெரியவில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் செய்துவந்ததையே அப்போதும் செய்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"மாத்திரையை வெல்லத்துல பொதிஞ்சு கொடுங்க" என்று சித்தப்பாவிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னால் பாப்பா வீரிட்டு அழுவது தெருமுனை வரை கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு ஓடியதாகச் சித்தி பிற்பாடு சொன்னார்.

மறுநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. பொழுது சாய்வதற்குள் நெற்றியில், காதுக்குப் பின்னால், மார்பில், தெளிந்த நீர்த்துளிகள். விரிப்புகளோடு படியேறி வந்த இஸ்திரி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தி கைக்கண்ணாடியைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். "நேத்து உள்ள போயிருந்தா... கதவு வரைக்கும் போயிட்டேன் அக்கா, போயிட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த மூன்று வாரங்கள் பாப்பாவின் தோலைச் சித்தப்பா காலையும் மாலையும் பார்த்தார். அவர் இப்போது வேர்க்குருவுக்கும் நடுங்குகிறவராக மாறியிருந்தார். பாப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை. சித்தியின் கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகு, டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகே, அவர் வீட்டுக்குள் வந்தார். பாப்பா முதலில் கிட்டே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "நீ மறுபடி போயிடுவியா?" என்று கேட்டாள்.

புருவத்துக் குழி நாதாங்கியால் ஏற்பட்டது. சின்ன வயதில் அம்மை கண்டவர் நடு அக்கா. பெரியக்கா இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. "ரெண்டாந்தரம் வந்திருக்கும்" என்கிறார். அவர் கூற்றையும் இங்கே பதிந்தாயிற்று.

துணியறைக்குப் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. நிற்பதற்கு வழியும் இல்லை. ஆனால் "மூட்டை வருது!" என்ற குரல் கேட்டதும், உருளைகளின் இரைச்சலுக்கு மேலே இஸ்திரி அக்காவின் தொண்டை ஒலிக்கும்: "என்ன மூட்டைடி? சட்டையைத் தூக்கிக் காட்டிட்டுப் போ!" வெட்கப்பட்டவர்கள் உண்டு, சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. சந்தேகமான பிள்ளைகள் சோப்பு அறைக்குப் போனார்கள். அம்மை கண்டு தேறிய சித்திதான் அங்கே படியேறி அவர்களைப் பார்த்துக்கொண்டார். கதவைத் தொடுவதற்கு முன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவரிடம் கடைசி வரை போகவில்லை.

சித்தி அந்தக் கூடத்தில் வேலை செய்தது இருபத்திரண்டு ஆண்டுகள். பாப்பாவுக்கு இப்போது வயது முப்பத்தொன்று.